பின்தொடரும் விளம்பரங்கள்: இலவசத்திற்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் இணைப்பும் பெற்றவர்கள், முதல் மாதத்திலேயே என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு தளத்தில் மிக்ஸி விலை பார்த்தேன். வாங்கவில்லை. அதற்குப் பிறகு செய்தி படிக்கப் போனாலும், கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கப் போனாலும் அதே மிக்ஸி வந்து நிற்கிறது. கம்ப்யூட்டரில் வைரஸ் வந்துவிட்டதா?"

வைரஸ் வரவில்லை. கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் மிக்ஸி, இன்டர்நெட்டில் பெரும் பணம் புரளும் ஒரு தொழிலின் வெளியே தெரியும் சிறு நுனி. நாம் இலவசம் என்று நினைத்துப் பயன்படுத்தும் தேடல், மெயில், வீடியோ, செய்தி ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்தத் தொழிலின் பணத்தில்தான் ஓடுகின்றன. மென்பொருள் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால், இதன் உள்ளே நடப்பதை ஓரளவு விளக்க முடியும் என்று நினைக்கிறேன். இது எப்படி இயங்குகிறது, நம் செய்தித்தாள்களையும் வாங்கும் பழக்கத்தையும் எப்படி மாற்றியது, நீங்கள் எந்த இடத்தில் எதை மாற்றி அமைக்கலாம் என்பதை இங்கு வரிசையாகப் பார்ப்போம்.

இடத்தை விற்ற காலம்

முதலில் பழைய முறையை நினைவுபடுத்திக் கொள்வோம். காலையில் வீட்டுக்கு வரும் நாளிதழுக்கு நாம் கொடுக்கும் சில ரூபாய், அந்தப் பேப்பரின் காகிதம், மை, அச்சு, வண்டி வாடகை, ஊழியர் சம்பளம் எல்லாவற்றையும் ஈடுகட்டாது. மீதிப் பணத்தை விளம்பரம் கொடுத்தவர்கள் கட்டினார்கள். ஜவுளிக் கடைக்காரர் தீபாவளிக்கு முழுப் பக்கம் வாங்கினார். வீடு விற்பவர், வரன் தேடுபவர், டிரைவர் வேலைக்கு ஆள் தேடுபவர் ஆகியோர் வரிக்கு இவ்வளவு என்று கட்டி வரி விளம்பரம் கொடுத்தார்கள்.

விளம்பரத்திற்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு ஒரு உதாரணம். லண்டனிலிருந்து வரும் 'தி டைம்ஸ்' நாளிதழ் 1966 வரையிலும், சென்னையிலிருந்து வரும் 'தி ஹிந்து' நாளிதழ் 1958 வரையிலும் முதல் பக்கத்தில் விளம்பரங்களைத்தான் அச்சிட்டு வந்தன. செய்தியைப் படிக்கப் பேப்பரைத் திருப்ப வேண்டும்.

இந்த முறையில் விற்கப்பட்டது ஒரு இடம். பக்கத்தில் இத்தனை சென்டிமீட்டர் என்று கணக்கு. அந்தப் பக்கத்தை யார் பார்த்தார்கள், பார்த்தவர் கடைக்கு வந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. விளம்பரத்திற்குச் செலவிடும் பணத்தில் பாதி வீணாகிறது, எந்தப் பாதி என்றுதான் தெரியவில்லை என்று அமெரிக்க வணிகர் ஜான் வானமேக்கர் சொன்னதாக ஒரு பேச்சு விளம்பரத் துறையில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இன்டர்நெட் விளம்பரத்தின் வரலாறு முழுவதும் அந்த வீணாகும் பாதியைக் கண்டுபிடிக்கும் முயற்சிதான்.

முதல் பேனர், முதல் குக்கி

இரண்டு விஷயங்கள் 1994ஆம் ஆண்டில் நடந்தன. அப்போது அவற்றைச் சேர்த்துப் பார்த்தவர்கள் குறைவு.

அந்த ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி, 'ஹாட்வயர்ட்' என்ற அமெரிக்க இணைய தளம் பக்கத்தின் மேலே நீளப் பட்டையாக விளம்பரங்களை வெளியிட்டது. ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரம் அவற்றில் புகழ்பெற்றது. பேனர் விளம்பரம் என்று நாம் இன்று சொல்வதற்கு அதுவே தொடக்கம் எனக் கருதப்படுகிறது. அதைப் பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் கிளிக் செய்தார்கள் என்று சொல்வார்கள். இன்று பேனர் விளம்பரத்தை நூறு பேர் பார்த்தால் ஒருவர் கிளிக் செய்வதே அரிது.

அதே 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மான்டுலி என்ற பொறியாளர் வேறொரு சிக்கலுக்குத் தீர்வு தேடிக் கொண்டிருந்தார். இணைய தளங்களைத் தரும் சர்வர் கம்ப்யூட்டருக்கு ஞாபக சக்தி கிடையாது. நீங்கள் ஒரு பொருளைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்திற்குச் சென்றால், சர்வரைப் பொறுத்தவரை நீங்கள் ஒரு புதிய ஆள். கூடையில் போட்டது யார் என்று அதற்குத் தெரியாது. இதைச் சரி செய்ய அவர் உருவாக்கியதுதான் குக்கி.

குக்கி என்பது சில எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு சிறிய குறிப்பு. நம் ஊர் சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துக் கொள்ளுங்கள். வண்டியை விட்டதும் ஒரு டோக்கன் தருவார்கள். திரும்பி வரும்போது டோக்கனைக் காட்டினால், எந்த வண்டி உங்களுடையது என்று ஸ்டாண்ட்காரருக்குத் தெரியும். அதேபோல் தளம் உங்கள் பிரவுசரிடம் ஒரு டோக்கன் எண்ணைக் கொடுக்கிறது. அடுத்த முறை நீங்கள் அந்தத் தளத்திற்குச் செல்லும்போது பிரவுசர் அந்த எண்ணைத் தானாகக் காட்டுகிறது. மெயில் தளம் ஒவ்வொரு பக்கத்திலும் பாஸ்வேர்ட் கேட்காமல் இருப்பது இந்த டோக்கனால்தான். இதில் தவறு எதுவும் இல்லை. குக்கி இல்லாமல் ரயில் டிக்கெட் கூட எடுக்க முடியாது.

சிக்கல் இதன் அடுத்த கட்டத்தில் வருகிறது. சினிமா தியேட்டர், கோயில், பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி ஆகிய எல்லா இடங்களிலும் சைக்கிள் ஸ்டாண்டை ஒரே கான்ட்ராக்டர் எடுத்திருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். உங்களுக்கு எல்லா இடத்திலும் ஒரே டோக்கன் எண்தான். இப்போது அவருக்கு உங்கள் பெயர் தெரியாவிட்டாலும், இந்த எண்காரர் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனார், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனார் என்பது தெரிந்துவிடும். ஒரு செய்தித் தளத்தின் பக்கத்தில் விளம்பரம் மட்டும் வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரும்போது, அந்த நிறுவனமும் தன் டோக்கனை உங்கள் பிரவுசரில் வைத்துவிடலாம். அதே நிறுவனம் ஆயிரக்கணக்கான தளங்களுக்கு விளம்பரம் தருகிறது என்றால், அதுதான் நம் கான்ட்ராக்டர். இந்த வகை டோக்கனுக்குத் தேர்ட் பார்ட்டி குக்கி என்று பெயர். மிக்ஸி உங்களைப் பின்தொடர்வதற்கான பழைய, முக்கியமான வழி இது.

இந்தத் தொழிலில் முன்னோடியாக இருந்த டபுள்கிளிக் என்ற நிறுவனத்தை வாங்க 2007இல் கூகுள் 310 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. 2008இல் அந்த விற்பனை முடிந்தது. டோக்கன்களின் மதிப்பு என்ன என்பதை அந்தத் தொகையே சொல்லும்.

கண் இமைக்கும் நேரத்தில் ஒரு ஏலம்

விளம்பரத்தை ஏலம் விடும் யோசனை தேடல் தளங்களில் பிறந்தது. 1998இல் பில் கிராஸ் என்பவர் தொடங்கிய கோடு டாட் காம் என்ற தளத்தில், ஒரு சொல்லைத் தேடும்போது யாருடைய இணைப்பு மேலே வர வேண்டும் என்பது ஏலத்தில் முடிவாயிற்று. யாராவது கிளிக் செய்தால் மட்டும் பணம். கூகுள் 2000இல் ஆட்வேர்ட்ஸ் என்ற விளம்பரச் சேவையைத் தொடங்கியது. 2002இல் அதிலும் கிளிக்குக்குப் பணம் கட்டும் ஏல முறை வந்தது. ஏலத்தில் கேட்கும் தொகையோடு, அந்த விளம்பரத்தை எத்தனை பேர் கிளிக் செய்கிறார்கள் என்பதையும் கூகுள் கணக்கில் சேர்த்துக் கொண்டது. அதாவது பயன்படாத விளம்பரம், பணம் அதிகம் கொடுத்தாலும் கீழே இறங்கிவிடும்.

பின்னர் இந்த ஏலம் சாதாரணத் தளங்களின் பேனர் விளம்பரங்களுக்கும் வந்தது. இன்று நீங்கள் ஒரு செய்திப் பக்கத்தைத் திறக்கும்போது நடப்பது இதுதான். பக்கத்தின் எழுத்துகள் திரையில் வந்து கொண்டிருக்கும்போதே, "இங்கே ஒரு வாசகர் வந்திருக்கிறார், இந்த ஊர், இந்த வகை பிரவுசர், டோக்கன் எண் இது" என்று ஒரு தகவல் ஏலச் சந்தைக்குப் போகிறது. விளம்பர நிறுவனங்களின் கம்ப்யூட்டர்கள் அந்த எண்ணைத் தங்கள் பட்டியலில் தேடுகின்றன. இவர் நேற்று மிக்ஸி பார்த்தவர் என்று தெரிந்தால் மிக்ஸிக் கடை கூடுதல் தொகை கேட்கிறது. அதிகம் கேட்டவரின் விளம்பரம் உங்கள் திரைக்கு வருகிறது. எல்லாம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள். துறைமுகத்தில் மீன் ஏலம் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே கூடையைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். இங்கே கூடையில் இருப்பது நீங்கள் அந்தப் பக்கத்தைப் பார்க்கப் போகும் சில வினாடிகள்.

இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். குரோம், எட்ஜ் அல்லது பயர்பாக்ஸ் பிரவுசரில் ஏதாவது ஒரு செய்தித் தளத்தைத் திறந்து, கீபோர்டில் எப்12 கீயை அழுத்தவும். (சில லேப்டாப்களில் எப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.) கிடைக்கும் பெட்டியில் நெட்வொர்க் என்ற டேபில் கிளிக் செய்துவிட்டு, எப்5 அழுத்திப் பக்கத்தை மீண்டும் வரவழைக்கவும். ஒரு நீண்ட பட்டியல் ஓடத் தொடங்கும். ஒவ்வொரு வரியும் உங்கள் கம்ப்யூட்டர் வெளியே அனுப்பிய ஒரு வேண்டுகோள். நீங்கள் திறந்தது ஒரு தளம்தான். பட்டியலில் கேள்விப்படாத பல பெயர்கள் இருக்கும். எந்தப் பட்டனையும் அழுத்தாமல் பார்த்துவிட்டு மீண்டும் எப்12 அழுத்தினால் பெட்டி மூடிக்கொள்ளும். கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது.

வீணாகும் பாதி கிடைத்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை. பிரிட்டனின் விளம்பரதாரர் சங்கமான இஸ்பா, பிடபிள்யூசி நிறுவனத்தைக் கொண்டு நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. விளம்பரதாரர் செலவிட்ட தொகையில் 51 சதவீதம் மட்டுமே தளத்தை நடத்துபவருக்குப் போய்ச் சேர்ந்தது. மீதியை இடையில் இருப்பவர்கள் எடுத்துக் கொண்டார்கள். அதிலும் 15 சதவீதம் எங்கே போனது என்று ஆய்வாளர்களால் சொல்ல முடியவில்லை.

வரி விளம்பரம் போனது, செய்தியாளரும் போனார்

இப்போது முக்கியமான இடத்திற்கு வருகிறோம். விளம்பரதாரர் இடத்தை வாங்கிய காலத்தில், நல்ல இடம் வைத்திருந்த பத்திரிகைக்குப் பணம் போனது. அவர் ஆளை வாங்கத் தொடங்கியதும், ஆளைப் பற்றி யாருக்கு அதிகம் தெரியுமோ அவர்களிடம் பணம் போகிறது. செய்தியைத் திரட்டி எழுதுவது ஒருவர், வாசகரை அடையாளம் காட்டுவது வேறொருவர் என்றாகிவிட்டது. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் 2023ஆம் ஆண்டு வருமானம் சுமார் 307 பில்லியன் டாலர். அதில் விளம்பரத்தில் வந்தது மட்டும் சுமார் 238 பில்லியன். (ஒரு பில்லியன் என்பது நூறு கோடி.)

இதன் விளைவை அமெரிக்காவில் தெளிவாகப் பார்க்க முடிகிறது. அங்கே முதலில் கைவிட்டுப் போனது வரி விளம்பரம். 1995இல் சான் பிரான்சிஸ்கோவில் கிரெய்க் நியூமார்க் என்பவர் நண்பர்களுக்கு அனுப்பிய மெயில் பட்டியலாகத் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட், பின்னர் வீடு, வேலை, பழைய பொருள் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் இலவசமாக விளம்பரம் தரும் தளமாக வளர்ந்தது. அமெரிக்க நாளிதழ்கள் 2000ஆம் ஆண்டில் வரி விளம்பரத்தில் மட்டும் 19 பில்லியன் டாலருக்கு மேல் ஈட்டின. 2010இல் அது 6 பில்லியனுக்கும் கீழே போய்விட்டது. எல்லா விளம்பரங்களையும் சேர்த்து 2005இல் சுமார் 49 பில்லியனாக இருந்த வருமானம், 2020இல் 10 பில்லியனைத் தொடவில்லை.

டென்வர் நகரில் 1859இல் தொடங்கிய 'ராக்கி மவுன்டன் நியூஸ்' நாளிதழ், 150ஆவது ஆண்டு நிறைவுக்கு இரண்டு மாதம் கூட இல்லாத நிலையில் 2009 பிப்ரவரி 27ஆம் தேதி கடைசி இதழை வெளியிட்டு மூடப்பட்டது. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, அமெரிக்க நாளிதழ்களின் செய்திப் பிரிவில் 2008இல் சுமார் 71,000 பேர் வேலை பார்த்தார்கள். 2020இல் சுமார் 31,000 பேர்.

இதனால் நமக்கென்ன, படிக்கத்தான் இன்டர்நெட்டில் நிறைய இருக்கிறதே என்று தோன்றலாம். இங்கே ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் உள்ளூர் நாளிதழ் மூடப்பட்ட பகுதிகளில், உள்ளாட்சி அமைப்புகள் கடன் வாங்கும் செலவு என்ன ஆனது என்று மூன்று நிதித் துறைப் பேராசிரியர்கள் கணக்கிட்டார்கள். 2020இல் ஒரு நிதியியல் ஆய்விதழில் இது வெளியானது. பத்திரிகை போன பிறகு வட்டி 0.05 முதல் 0.11 சதவீதப் புள்ளி வரை கூடியிருந்தது. கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் பாலமும் குடிநீர்க் குழாயும் பல கோடி கடனில் கட்டப்படுபவை. கணக்குக் கேட்க ஆள் இல்லாத இடத்தில் கடன் கொடுப்பவர் கூடுதல் வட்டி கேட்கிறார். அதைக் கட்டுவது அந்த ஊர் மக்கள். பேப்பரை வாங்காதவரும் கட்டுகிறார்.

இந்தியாவில் நாளிதழ்கள் அந்த அளவுக்குச் சரியவில்லை. ஆனால் வழி அதுதான். வேலை விளம்பரங்களுக்கு 1997இலேயே நவுக்ரி டாட் காம் வந்துவிட்டது. வரன் தேடும் விளம்பரங்களைச் சென்னையைச் சேர்ந்த முருகவேல் ஜானகிராமன் தொடங்கிய பாரத் மேட்ரிமோனி போன்ற தளங்கள் எடுத்துக் கொண்டன. பழைய பைக், பீரோ விற்பதற்கும் தனித் தளங்கள் வந்துவிட்டன. 2020 ஊரடங்கின் போது கடைகள் மூடி விளம்பரம் நின்றதும், நாளிதழ்களின் பக்கங்கள் எவ்வளவு மெலிந்தன என்பதை எல்லாரும் பார்த்தோம். வாரியக் கூட்டத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் செய்தியாளரின் சம்பளம், ஜவுளிக் கடை விளம்பரத்திலிருந்துதான் வந்து கொண்டிருந்தது.

கடையே விளம்பரப் பலகை ஆனது

வாங்கும் பழக்கமும் இதோடு சேர்ந்து மாறியிருக்கிறது. முன்பு விளம்பரத்தைப் பேப்பரில் பார்த்தோம், பொருளைக் கடையில் வாங்கினோம். இரண்டுக்கும் இடையில் ஒரு நாள் இரவாவது யோசிக்க நேரம் இருந்தது. இப்போது விளம்பரமும் கடையும் ஒரே திரையில் இருக்கின்றன.

அமேசான் நிறுவனம் 2023இல் விளம்பரத்தில் மட்டும் சுமார் 47 பில்லியன் டாலர் ஈட்டியது. எங்கே விளம்பரம் செய்கிறது என்று கேட்கலாம். அதன் கடைக்குள்ளேயேதான். நீங்கள் "பிரஷர் குக்கர்" என்று தேடும்போது மேலே வரும் சில பொருள்கள், பணம் கட்டி அந்த இடத்தைப் பிடித்தவை. அருகில் சிறிய எழுத்தில் 'ஸ்பான்சர்டு' என்று போட்டிருக்கும். பிற ஆன்லைன் கடைகளிலும் இந்த வழக்கம் உண்டு. எனவே முதலில் வந்ததே சிறந்தது என்று எண்ண வேண்டாம். அந்தச் சிறிய எழுத்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கீழே இறங்கித் தேடவும்.

இன்னொன்று அவசரப்படுத்துதல். "இன்னும் 2 மட்டுமே உள்ளது", "சலுகை முடிய 9 நிமிடம்" என்று கடிகாரம் ஓடும். சில இடங்களில் பக்கத்தை மூடிவிட்டு மறுநாள் திறந்தால் கடிகாரம் முதலிலிருந்து ஓடும். இது போன்ற ஏமாற்று வேலைகளை டார்க் பேட்டர்ன்ஸ் என்பார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இவற்றில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்துள்ளது. பொய்யான அவசரம், கேட்காமலேயே கூடையில் கூடுதல் பொருளைச் சேர்த்தல், கடைசிப் பக்கத்தில் கட்டணத்தை ஏற்றுதல், எளிதில் ரத்து செய்ய முடியாத சந்தா, செய்தி போல வேடமிட்டு வரும் விளம்பரம் ஆகியவை அவற்றுள் சில. இவற்றில் ஒன்று உங்களுக்கு நடந்தால், திரையைப் படம் பிடித்து வைத்துக் கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் செய்யலாம்.

சட்டமும் பிரவுசரும்

சில தடுப்புகள் வந்திருக்கின்றன. பயர்பாக்ஸ் 2019இலிருந்தும், ஆப்பிளின் சபாரி 2020இலிருந்தும், நாம் எதுவும் செய்யாமலேயே பின்தொடரும் குக்கிகளைத் தடுக்கின்றன. குரோம் பிரவுசரிலும் தேர்ட் பார்ட்டி குக்கிகளை நீக்கப் போவதாக 2020 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. பலமுறை தள்ளிப் போட்டு, 2024இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. எனவே குரோமில் நீங்களே சென்று நிறுத்தினால்தான் உண்டு. கூகுள் விளம்பரச் சந்தையின் சில பகுதிகளில் சட்ட விரோதமாக ஏகபோகம் நடத்தியது என்று 2025 ஏப்ரலில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளுக்கு நிறுவனங்கள் தயாராக 18 மாதம் அவகாசம் தரப்பட்டுள்ளது. உங்களைப் பற்றிய எந்தத் தகவலை எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லி அனுமதி கேட்க வேண்டும், அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்க வேண்டும், 18 வயதுக்கு உட்பட்டவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக் கூடாது என்றெல்லாம் அந்தச் சட்டம் சொல்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

கீழ்க்காணும் வேலைகளுக்கு அரை மணி நேரம் போதும். மெனுக்களின் பெயர் ஒவ்வொரு பதிப்பிலும் சிறிது மாறலாம்.

1. குரோம்: வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து செட்டிங்ஸ் செல்லவும். பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பிரிவில் தேர்ட் பார்ட்டி குக்கீஸ் என்பதைத் திறந்து, பிளாக் தேர்ட் பார்ட்டி குக்கீஸ் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். ஏதாவது ஒரு தளம் சரியாக இயங்கவில்லை என்றால், அந்தத் தளத்திற்கு மட்டும் விலக்குத் தரலாம்.

2. எட்ஜ்: செட்டிங்ஸில் பிரைவசி பிரிவில் டிராக்கிங் பிரிவென்ஷன் என்பதில் மூன்று நிலைகள் கிடைக்கும். பேலன்ஸ்டு என்பது சாதாரண நிலை. ஸ்டிரிக்ட் என்பது கடுமையான நிலை. பயர்பாக்ஸிலும் ஸ்டிரிக்ட் என்ற நிலை உண்டு.

3. நோட்டிபிகேஷன்: புதியவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். ஏதோ ஒரு தளம் "அனுமதி" கேட்கும். அலவ் என்று கிளிக் செய்துவிட்டால், பிரவுசரில் அந்தத் தளத்தைத் திறக்காத போதும் திரையின் மூலையில் விளம்பரங்கள் வந்து கொண்டே இருக்கும். இதைத்தான் பலர் வைரஸ் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். குரோம் செட்டிங்ஸில் சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று சென்று, தெரியாத தளங்களை எல்லாம் நீக்கிவிடவும்.

4. கூகுள் கணக்கு: உங்கள் கணக்கில் மை ஆட் சென்டர் என்ற பக்கம் உள்ளது. உங்கள் விருப்பங்கள் என்று கூகுள் எண்ணும் பட்டியலை அங்கே பார்க்கலாம். உங்களைப் பொறுத்து மாறும் விளம்பரத்தை அங்கேயே நிறுத்தலாம். நிறுத்தினாலும் விளம்பரம் வரும். உங்கள் கணக்கில் சேர்த்து வைத்த விருப்பங்களைப் பார்த்து வராது, அவ்வளவுதான்.

5. இன்காக்னிட்டோ: இந்த வகை விண்டோவில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று பலர் நம்புகிறார்கள். வீட்டில் அதே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் மற்றவர்களுக்கு உங்கள் ஹிஸ்டரி தெரியாது. இன்டர்நெட் இணைப்புத் தருபவருக்கும், நீங்கள் லாக் இன் செய்த தளத்திற்கும் தெரியும்.

விளம்பரத்தையே தடுத்துவிடலாமா?

விளம்பரங்களை முழுவதும் தடுக்கும் ஆட் பிளாக்கர் புரோகிராம்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பயர்பாக்ஸில் இயங்கும் யுபிளாக் ஆரிஜின் நம்பகமானது. போடலாமா என்று கேட்டால், என் பதில் இரண்டு பகுதியாக இருக்கும். பின்தொடர்வதைத் தடுப்பது உங்கள் உரிமை. தயங்காமல் செய்யுங்கள். வைரஸ் உள்ள பக்கங்களுக்கு இழுத்துச் செல்லும் விளம்பரங்களும் இருப்பதால், வீட்டில் சிறுவர்கள் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் பிளாக்கர் போடுவதும் நல்லதே.

ஆனால் பிளாக்கர் போட்டுவிட்டு, சந்தாவும் கட்டாமல், தினமும் ஒரு செய்தித் தளத்தைப் படித்தால் அந்தச் செய்திக்கு யாரும் பணம் கட்டவில்லை என்று பொருள். 'நியூயார்க் டைம்ஸ்' 2011இல் இணையத்தில் படிக்கச் சந்தா வசூலிக்கத் தொடங்கியது. மறு ஆண்டே, வாசகர்களிடமிருந்து வந்த பணம் விளம்பரப் பணத்தைத் தாண்டியது. பெரிய பத்திரிகைக்கு, உலகம் முழுவதும் வாசகர் உள்ள ஆங்கிலத்தில் இது முடிந்தது. ஒரு மாவட்டத்துச் செய்தியை மட்டும் தமிழில் எழுதும் பத்திரிகைக்கு முடியுமா என்பது, அந்த மாவட்டத்தில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது.

எனவே நான் நண்பர்களுக்குச் சொல்வது இதுதான். இன்டர்நெட்டுக்கு மாதந்தோறும் கட்டும் பணத்தோடு, செய்திக்கென்று ஒரு சிறு தொகையை ஒதுக்குங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு நாளிதழுக்கோ வார இதழுக்கோ, அச்சிலோ இணையத்திலோ சந்தா கட்டுங்கள். நம்பிக்கையான உள்ளூர்த் தளம் ஒன்று இருந்தால், அங்கே மட்டும் பிளாக்கரை நிறுத்தி வையுங்கள். பிளாக்கர் ஐகானில் கிளிக் செய்தால் அந்தத் தளத்திற்கு மட்டும் நிறுத்தும் வசதி கிடைக்கும். மற்ற இடங்களில் அது தன் வேலையைச் செய்து கொண்டிருக்கட்டும்.